அரிப்பு எப்போது தொடங்கியது? தெலுக் இந்தான் வட்டாரச் செடிகொடிகளும் தோல் புண்ணும்

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பேராக் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போனவருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் முன்கை சிவந்து, வரிவரியாகக் கொப்புளம் கட்டுகிறது. திங்கள் இரவு சாப்பிட்ட கணவாய் சம்பல்மீது பழி விழும். உடம்புச் சூடு என்பார் ஒருவர். அக்கி என்று சொல்லிக் காவி பூசச் சொல்வார் இன்னொருவர். தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டதென்று இரண்டு நாளைக்கு முன் கரையோரக் கிளை ஒன்றை ஒடித்துப் போட்டது யாருடைய நினைவிலும் இருக்காது.

காட்டுச் செடியால் வரும் தோல் தொல்லையில் முதலில் கேட்க வேண்டியது என்ன செடி என்பதல்ல. பெரும்பாலோருக்கு அது தெரியாது. எப்போது அரிக்கத் தொடங்கியது என்பதே முதல் கேள்வி. பட்ட நொடியிலேயே சுரீரென்றால் அது முள்மயிர் அல்லது ஊசிப் படிகம். வெயிலில் இருந்த மறுநாள் சிவந்து, பிறகு எரிச்சலோடு கரும்பழுப்புக் கறை படிந்தால் எலுமிச்சை வகைச் சாறு. ஒருநாள் இரண்டுநாள் கழித்து வந்தால் மரப்பால் ஒவ்வாமை. இதைப் பிரித்தறிவது வெறும் ஆராய்ச்சிக்காக அல்ல, முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது இவை ஒவ்வொன்றுக்கும் வேறு. மரப்பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முள்மயிர் குத்தியிருந்தால் தேய்க்கவே கூடாது. ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றுக்குக் கேடாக முடியும்.

தெலுக் இந்தானைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டியதற்குக் காரணம் ஊரின் கிடப்பு. நகரைச் சுற்றிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள். நடுவே கடலேற்றம் எட்டும் பேராக் ஆறு. மேற்கே பாகான் டத்தோ பக்கம் சதுப்புக் காடு. கிழக்கே பீடோர், தாப்பா மலையடிவாரம். ஒரே ஆள் ஒரு வாரம் ஆற்றிலும் அடுத்த வாரம் அருவிப் பாதையிலும் அதற்கடுத்த வாரம் தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளிலும் இருப்பார். நான்கு இடங்களில் நான்கு விதமான செடிகள். வெளிக்காட்டில் வேலை செய்த பெரியவர்கள் எதைத் தொடக் கூடாது என்று கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். வார இறுதியில் மட்டும் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

ரெங்காஸ்: காலம் தாழ்த்தி வரும் புண்

ரெங்காஸ் என்பது ஒரே மரத்தின் பெயரல்ல. கறுக்கும் பால் வடித்துத் தோலைப் புண்ணாக்கும் பல மரங்களை மலாய்க்காரர்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். குளூட்டா பேரினத்து மரங்கள் அவற்றில் முக்கியமானவை. எல்லாமே மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணம் புதிதல்ல. துணிக்கு அழியாத குறி போட வண்ணார் பயன்படுத்திய சேங்கொட்டை இதே குடும்பம். முந்திரிக் கொட்டையை வெறுங்கையால் உடைத்தால் ஓட்டிலிருக்கும் எண்ணெய் கையைப் பொத்துவிடுவதும், மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீறிடும் பால் உதட்டோரத்தில் பட்டுப் புண்ணாவதும் இதே காரணத்தால்தான். ரெங்காஸ் பாலில் இருப்பது இவற்றுக்கு நெருங்கிய உறவான எண்ணெய்ப் பொருள். ஆகவே மாங்காய்ப் பாலுக்கு உதடு வெந்துபோகிறவர்கள் ரெங்காசிடம் இருமடங்கு எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஆற்றோரத்தில் வளரும் வகையை ரெங்காஸ் ஆயர் என்பார்கள். கடலேற்றம் வந்துபோகும் கரைகளில், உயரம் குறைவாக, கிளைகளைத் தண்ணீர்மீது சாய்த்து நிற்கும். படகில் மீன்பிடிப்பவர்கள் கயிறு கட்டத் தோதான கிளை என்று பிடிப்பது பெரும்பாலும் இதைத்தான். காய் பழுப்பு நிறத்தில், மேல்தோல் சொரசொரப்பாக, கரடுமுரடான சிறு உருளைக்கிழங்கு போல இருக்கும். காய் இல்லாத காலத்தில் இலையை வைத்து அடையாளம் காண்பது கடினம். பட்டையைப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடத்திலும் பூச்சி துளைத்த இடத்திலும் தார் ஒழுகிக் காய்ந்தது போன்ற கறுப்புக் கறை இருந்தால் விலகிவிட வேண்டும். பால் வெளியே வரும்போது கறுப்பாக இருக்காது, காற்றுப் பட்டபின்தான் கறுக்கும். பாராங்கின் (வெட்டுக்கத்தியின்) அலகில் வெட்டிய சற்று நேரத்தில் கறுப்புப் படிந்தால் அதுவும் இதே சேதிதான்.

ரெங்காஸ் மரத்தடியில் நின்றாலே உடம்பு வீங்கும் என்பார்கள். அந்த எண்ணெய் தானாக ஆவியாகிக் காற்றில் பரவுவதில்லை. தோலில் பட வேண்டும், அல்லது பட்ட பொருளைத் தொட வேண்டும். மழையில் காயம்பட்ட இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் சொட்டும் நீர் பாலைச் சுமந்து வரலாம் என்பதால் அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: புகை. விறகாக எரித்தால் எண்ணெய்த் துளிகள் புகையோடு எழுந்து முகத்திலும் கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் படியும். ஆற்றங்கரையில் மீன் சுட விறகு பொறுக்குகிறவர்கள் பெயர் தெரியாத கறுப்புக் கறைக் கட்டையை அடுப்பில் வைக்கக் கூடாது. இந்தப் பட்டியலிலேயே உயிருக்கு ஆபத்தை நெருங்கும் தவறு இதுதான்.

உடம்புக்குள் நடப்பதைச் சொன்னால் காலதாமதம் புரியும். பாலின் எண்ணெய் தோலுக்குள் ஊறி, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அந்தப் புரதத்தை உடம்பின் காவல் அணுக்கள் அந்நியமாகக் கண்டு, அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்கின்றன. முதல் முறை பட்டபோது இந்தப் பாடம் கற்க ஒன்றரை இரண்டு வாரம் ஆகும், அப்போது பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை பட்டால் ஒருநாளிலிருந்து மூன்று நாளுக்குள் அவை திரண்டு வந்து தோலையே தாக்கும். 'போன தடவை வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது அதனால்தான் ஏமாற்றும் தைரியம். அந்தப் போன தடவைதான் உடம்பைத் தயார்படுத்தியிருக்கும்.

பால் பட்டது தெரிந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பாதியளவாவது போய்விடும். அரைமணி கழித்துக் கழுவினால் சிறு பங்குதான் போகும். ஒருமணிக்குப் பிறகு தோலுக்குள் போனது போனதுதான். அப்போதும் கழுவுவது வீணல்ல, மேலே மிச்சமிருப்பது வேறிடத்துக்குப் பரவாமல் இருக்கும்.

கழுவும் முறைதான் பலரும் தவறவிடும் இடம். வெறும் தண்ணீர் எண்ணெயை நகர்த்துமே தவிர எடுக்காது. முதலில் காகிதத்தாலோ துணியாலோ பாலை ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைத்தால் பரவும். பிறகு பாத்திரம் கழுவும் திரவச் சோப்பை நேரடியாகத் தோலில் விட்டு, ஈரத்துணியால் நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். கையால் தடவினால் போதாது, துணியின் உராய்வு வேண்டும். சட்டியில் ஒட்டிய பிசுக்கை எடுக்கிற அதே வேலை. மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். நக இடுக்கு, மோதிரத்தின் அடி, கைக்கடிகாரப் பட்டையின் அடி ஆகியவற்றை மறக்க வேண்டாம். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. விலையுயர்ந்த தனிப்பட்ட கழுவுதிரவங்கள் விற்கப்படுகின்றன. பாத்திரச் சோப்பை இந்த முறையில் பயன்படுத்தினால் கிடைக்கும் பலன் அவற்றுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. ஐம்பது மில்லி பிடிக்கும் சிறு குப்பியில் நிரப்பிப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள். சிறுநீர் கழிக்கப் போகும் முன்பும் கையைக் கழுவுங்கள். இதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும், ஆண்களுக்கு மர்ம உறுப்பில் வரும் வீக்கம் பெரும்பாலும் கையிலிருந்து போனதே. வெட்கப்பட்டு நாளைக் கடத்துவது அங்கே புண்ணை முற்றவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பிசுக்கை எண்ணெய் கரைக்கும். கரைத்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவி எடுத்தால் உதவும். தடவி அப்படியே விட்டால் ஒரு விரலில் இருந்ததை முழங்கைவரை பரப்பிவிடும்.

கொப்புளம் வந்தபின் கேட்கப்படும் முதல் கேள்வி, இது ஒட்டுமா என்பது. ஒட்டாது. கொப்புளத்து நீரில் மரப்பால் இல்லை, அது உடம்பின் சொந்த நீர். பிள்ளையைத் தூக்கலாம். நாளுக்கு நாள் புது இடத்தில் புறப்படுவதைப் பார்த்துப் பரவுகிறது என்று பயப்படுவார்கள். மெல்லிய தோலிலும் பால் அதிகம் பட்ட இடத்திலும் முதலிலும், தடித்த தோலிலும் குறைவாகப் பட்ட இடத்திலும் பிந்தியும் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் நான்கைந்து நாள் கழித்துப் புத்தம்புதிதாக ஓரிடத்தில் வந்தால் வீட்டில் கழுவாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

புண் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். எந்த மருந்தும் அதை மூன்று நாளாக்காது. இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் நாலாம் நாள் ஒரு மருந்து, ஏழாம் நாள் இன்னொரு மருந்து என்று மாற்றிமாற்றிப் பூசித் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீர் வடியும் கட்டத்தில் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பதினைந்து இருபது நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை போடுவது அரிப்பையும் வடிதலையும் அடக்கும். அதற்குமேல் கேலமைன் பூசலாம். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். மேல்தோலே நல்ல கட்டு. தானே உடைந்தால் மெல்லிய துணிக்கட்டு போடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன் இந்தப் புண்ணுக்குப் பலம் குறைந்தது, லேசான சிவப்புக்குத்தான் போதும். அரிப்பு மாத்திரை தூக்கத்துக்கு உதவும், புண்ணை மாற்றாது. அந்த மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இந்த அரிப்பின் மூலம் அல்ல. தூக்கம் வரவைக்கும் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகவும் கூடாது. அரிப்பு மருந்தையோ மரத்துப்போகும் மருந்தையோ கிரீமாகப் பூசுவது வேண்டாம், அவையே இன்னோர் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. தைலம், கலக்காத கிருமிநாசினி, கற்பூர எண்ணெய் எல்லாம் தோல் உரிந்த இடத்தில் எரிச்சலைக் கூட்டும். வேப்பிலை, குப்பைமேனி அரைத்துப் பற்றுப் போடுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுவது. தோல் மூடியிருக்கும் சாதாரண அரிப்பில் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீர் வடியும் புண்ணில் பற்று காய்ந்து ஒட்டி, பிய்க்கும்போது தோலோடு வரும், அடியில் சீழும் கோக்கும். குளிர்ந்த துணியே அங்கே போதும்.

முகம், கண்ணிமை, மர்ம உறுப்பு பாதிக்கப்பட்டாலோ, புண்ணின் மொத்தப் பரப்பு நோயாளியின் பத்து உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, சீழும் காய்ச்சலும் கண்டாலோ கிளினிக் கேசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) போக வேண்டும். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). புகையைச் சுவாசித்து மூச்சுத் திணறினால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு.

மருத்துவர் பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்தால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இது கொஞ்சங்கொஞ்சமாக அளவு குறைத்து இரண்டு மூன்று வாரம் சாப்பிட வேண்டிய மருந்து. ஐந்தாம் நாள் அரிப்பு அடங்கியதென்று நிறுத்தினால் புண் பழையபடி, சிலசமயம் அதைவிட மோசமாக, திரும்பி வரும். இரண்டு, இது இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இனிப்புநீர் உள்ளவர்கள் நம்மில் ஏராளம். கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பாருங்கள். பெயரில்லாத டப்பாவில் விற்கும் கலவை கிரீம்களை முகத்தில் பூச வேண்டாம். பலமான ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்துபோகும்.

ஜெலாத்தாங், மூங்கில், பூனைக்காலி: தேய்க்கக் கூடாதவை

ஊர்ப்பக்கத்துக் காஞ்சொறியை அறிந்தவர்களுக்கு ஜெலாத்தாங்கை விளக்கத் தேவையில்லை. பெரும் அளவிலான காஞ்சொறி என்றால் சரி. தாப்பா, பீடோர் பக்கத்து மலையடிவாரப் பாதைகளில், மரம் விழுந்து வெளிச்சம் இறங்கும் இடங்களிலும் ஓடைக்கரைகளிலும் பார்க்கலாம். செடியாகவும் இருக்கும், ஆளுயரம் தாண்டிய சிறு மரமாகவும் இருக்கும். இலையும் தண்டும் முழுக்க நுண்ணிய குழல் மயிர்கள். மயிரின் நுனி கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனது. பட்டதும் நுனி ஒடிந்து, ஊசி மருந்து ஏற்றுவது போல உள்ளிருக்கும் நஞ்சைத் தோலுக்குள் இறக்கிவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய மரத்தின் நஞ்சில் சிலந்தி நஞ்சையும் கூம்பு நத்தை நஞ்சையும் ஒத்த புரதத் துணுக்குகள் இருப்பது 2020இல் கண்டறியப்பட்டது. அரிப்பு மாத்திரை இந்த வலியை ஏன் அசைப்பதில்லை என்பதற்கு அது நல்ல விளக்கம்.

கையை உதறித் தேய்ப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அதை அடக்க வேண்டும். தேய்த்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்கள் ஒடிந்து உள்ளே போகும். அந்த இடத்தை அப்படியே காயவிட்டு, அகலமான ஒட்டுநாடாவைப் பதமாக அழுத்தி ஒட்டி, மயிர் சாய்ந்த போக்கிலேயே வெடுக்கென்று உரியுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு, ஆறேழு முறை. முடி நீக்கும் மெழுகுப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். உள்ளே தங்கிவிட்ட மயிர்கள் பலநாள் கழித்துக்கூடக் குளிர்ந்த நீர் பட்டால் குத்தலை எழுப்பும். அது புதுப் புண் அல்ல. காய்ந்து உதிர்ந்த இலையும் குத்தும் என்பதால் உட்காரும் இடத்தைப் பார்த்து உட்கார வேண்டும்.

மூங்கிலின் தோகைப் பாளையில் இருக்கும் கருமயிரை மலாயில் மியாங் என்பார்கள். ரெபோங் (மூங்கில் குருத்து) எடுக்கப் போகிறவர்களின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அது தங்கும். நஞ்சில்லை, குத்தல் மட்டும்தான். அதே ஒட்டுநாடா வைத்தியம், சட்டையை உதறாமல் கழற்றித் தனியே துவைப்பது, அவ்வளவு போதும். பூனைக்காலிக் காயின் தங்கநிற மயிர் வேறு கதை. அதிலுள்ள புரதம் நரம்பையே தூண்டி வெறிபிடித்த அரிப்பைத் தரும், அரிப்பு மாத்திரை அங்கும் அதிகம் உதவாது. செம்பனைத் தோட்டங்களில் நிலத்தை மூட வளர்க்கும் முக்குனா கொடி இதற்கு உறவு என்பதால் தோட்டத்தில் அரித்தால் பலர் அதைக் குற்றம் சொல்கிறார்கள். அரிப்பது காய்தான், நம் தாழ்நிலத் தோட்டங்களில் அந்தக் கொடி காய்ப்பது அரிது. அங்கே அரித்தால் செம்பனை மட்டைக்கடியில் ஒட்டியிருக்கும் முள்மயிர்ப் புழுக்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மட்டைகள் ஓட்டையோட்டையாய் நரம்பு மட்டும் மிஞ்சி நின்றால் அந்த வரிசையில் சைக்கிளை நிறுத்தி இளைப்பாறாதீர்கள்.

கெலாடி (சேம்பு) வகைகளைப் பற்றிச் சமையலறைக்கே தெரியும். கருணைக்கிழங்கு நறுக்கும்முன் கையில் எண்ணெய் தடவுவதும், புளி விட்டு நன்றாக வேகவைப்பதும் எதற்கோ அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் லொங்காங் (வடிகால்) ஓரத்துப் பெரிய கெலாடி இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. மழைக்குக் குடையாகப் பறித்தால் கையில் சாறு பட்டுக் குறுகுறுக்கும். நிறையத் தண்ணீரில் கழுவினால் சிலமணி நேரத்தில் அடங்கும். குழந்தை வாயில் வைத்து நாக்கு வீங்கினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. கூந்தற்பனையின் சிவந்த பழத்திலும் இதே ஊசிகள். பிள்ளைகள் அதை நசுக்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தில்லையும் எலுமிச்சையும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் பாகான் டத்தோ பக்கத்துச் சதுப்புக் கரைகளில் மலாய்ப் பெயரோடு நிற்கிறது: பூத்தா பூத்தா. குருடு என்று பொருள். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். உதிரும் முன் இலை சிவக்கும், அதைவைத்துத் தூரத்திலிருந்தே அறியலாம். இது ரெங்காஸ் போல ஒவ்வாமைக்காகக் காத்திருப்பதில்லை. கள்ளிப்பால் போல, பட்ட எவருக்கும் தோலைப் பொசுக்கும். கண்ணில் பட்டால்தான் பெரும் ஆபத்து. படகிலிருந்து கிளையை விலக்கும்போது தெறிக்கும். உடனே கண்ணைத் திறந்து பிடித்து, குடிதண்ணீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி குறைந்தது பதினைந்து நிமிடம் ஊற்ற வேண்டும். சின்னக் குப்பித் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குக்கூட வராது. சதுப்புக்குள் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாக எடுத்துப் போவது இதற்காகத்தான். வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது கழுவலைத் தாமதமாக்கும்.

எலுமிச்சையால் வரும் புண் செடியால் வந்ததென்று யாரும் நம்புவதில்லை. மீன் நாற்றம் போக லீமாவ் நீபிஸ் பிழிந்து கையைத் தேய்ப்பார்கள், அட்டை ஏறாதிருக்கக் காலில் தடவுவார்கள், அரிக்கும் இடத்திலும் வைப்பார்கள். அந்தச் சாற்றிலும் தோலிலும் உள்ள ஒரு பொருள் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் வீரியம் பெற்றுத் தோலைச் சுடும். ஒருநாள் கழித்துச் சிவப்பு, இரண்டு மூன்று நாளில் எரிச்சலோ கொப்புளமோ, பிறகு சாறு வழிந்த கோட்டிலேயே கரும்பழுப்புக் கறை. விரலடையாளமும் வழிந்த தாரையும் அப்படியே தெரிவதால் குழந்தையின் முதுகில் யாரோ அடித்ததாகக்கூட நினைத்துவிட முடியும். கறை மறைய வாரங்கள், மாதங்கள் ஆகும். சாற்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் போக வேண்டும், இதுவே தடுக்கும் வழி. வெளுக்கும் கிரீம் பூசுவது வீண் செலவு.

பார்த்தீனியம் இங்கே இன்னும் புதியது. மலேசியாவில் 2013இல்தான் அடையாளம் காணப்பட்டது, ரும்பாய் மியாங் மெக்சிகோ என்று வேளாண் துறை அழைக்கிறது. இலை உலாம் ராஜா என்ற கீரையைப் போல இருப்பதால் ஏமாறலாம். ஆனால் பூ சிறுத்து வெள்ளையாக, கொத்தாக இருக்கும். காற்றில் வரும் தூளே கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களைத் தடிக்கவைக்கும். ஆடுமாடு மேயும் சாலையோரத்தில் கண்டால் வெறுங்கையால் பிடுங்காமல் வேளாண் துறைக்குச் சொல்லுங்கள்.

செடியின்மேல் பழி விழும் மற்றவை

இரவில் விளக்கு வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு வரும் கோடுபோன்ற எரிபுண் பெரும்பாலும் செமுட் காயாப் என்ற பூச்சியின் வேலை. எறும்பு போல நீண்டு, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும். அது கடிக்காது. கழுத்தில் ஊர்வதை அடித்து நசுக்கும்போது வரும் நீர்தான் ஒருநாள் கழித்துத் தோலைப் பொசுக்கும். முழங்கை மடிப்பில் நசுங்கினால் மடிப்பின் இருபுறமும் ஒரே வடிவத்தில் புண் பதியும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அக்கி என்று இதைத்தான் பலர் காவி எழுதப் போகிறார்கள். உண்மையான அக்கியில் உடம்பின் ஒருபக்கத்தில் மட்டும், பட்டையாக, புண் வரும் முன்பே ஓரிரு நாள் வலி இருக்கும். அதற்கு மாத்திரை உண்டு, கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

அரிப்பில்லாத, வலியில்லாத சிறு கருப்புப் பொருக்கு இடுப்பிலோ அக்குளிலோ தெரிந்து, காட்டுக்குப் போய்வந்த ஒன்றரை வாரத்தில் காய்ச்சலும் தலைவலியும் கண்டால் அது மைட் என்னும் நுண்ணுண்ணியின் குஞ்சு கடித்துப் பரப்பும் காய்ச்சலாக இருக்கலாம். காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அதைத் தேடுவார். செம்பனை முள் குத்திய விரல்மூட்டு வாரக்கணக்கில் வீங்கியே இருந்தால் உள்ளே முனை ஒடிந்து கிடக்கிறது என்று பொருள். எக்ஸ்ரேயில் முள் தெரியாது, அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். மண் பட்ட குத்துக்காயத்துக்குக் கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசி போடுவது வழக்கம்.

திரும்பி வந்தபின்

கையுறை பற்றி ஒன்று. ரப்பர் விளைந்த மண்ணில் எளிதாகக் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை ரெங்காஸ் பாலுக்குத் தடுப்பல்ல, எண்ணெய் அதை ஊடுருவும். தடித்த வினைல் கையுறை தாங்கும். துணிக் கையுறை பாலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதைவிட வெறுங்கை மேல், வெறுங்கையையாவது கழுவுவோம்.

வீட்டு வாசலிலேயே உடையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். மற்றத் துணியோடு சேர்க்காமல் சூடான நீரில், வழக்கத்தைவிடக் கூடுதல் சோப்புத்தூளில் துவைக்க வேண்டும். துவைக்கிறவர் கையுறை போட வேண்டும். காட்டுக்கே போகாத அம்மாவுக்குக் கையில் கொப்புளம் வருவது இந்த வழியில்தான். கூட வந்த நாயைக் குளிப்பாட்டுங்கள். அதன் ரோமத்தில் பால் இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, தடவிக் கொடுக்கும் பிள்ளைக்குத்தான் வரும். பாராங்கின் அலகைவிடப் பிடியை அழுத்திக் கழுவ வேண்டும். பூட்ஸ் கயிறு, கைப்பேசியின் உறை, மோட்டாரின் கைப்பிடி, தூண்டிலின் நுரைப் பிடி எல்லாவற்றையும் பாத்திரச் சோப்பால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். துடைத்த துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். காய்ந்துபோன ரெங்காஸ் எண்ணெய் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். மூன்று வாரம் பொறுத்து ஆறிய கையோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழுவாத அதே தூண்டிலை எடுத்தவருக்கு, ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் மறுபடி தொடங்கிவிட்டது.